யார் பாடியது, யார் வாசித்தது?

வெகுசன இசையும், இசைக் கலைஞருக்குக் கிடைக்கும் மதிப்பும் காலத்தோடு எப்படி மாறி வந்தன என்பதைப் பேசவே ஆய்வாளர்களும் மாணவர்களும் இசைத்தட்டுச் சேகரிப்பாளர்களுமாக இந்தக் கருத்தரங்கில் கூடியிருக்கிறோம்.

1902 நவம்பரில், கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார் கௌஹர் ஜான். பாட்டு முடிந்ததும் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தட்டு ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய்த்தான் இசைத்தட்டாக அச்சேற வேண்டும். அங்கிருந்த தொழிலாளர்களுக்கு இந்தியக் குரல்கள் பழக்கமில்லை. எந்தத் தட்டில் யார் பெயரை ஒட்டுவது என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அப்படி இந்திய ஒலிப்பதிவின் முதல் அடியிலேயே பாட்டும் பாடியவர் பெயரும் ஒன்றாகப் பதிவாயின.

அரை நூற்றாண்டுக்குள் நிலைமை தலைகீழானது. 1949-இல் வெளியான 'மஹல்' இந்திப் படத்தில் லதா மங்கேஷ்கர் பாடிய பாட்டு நாடெங்கும் ஒலித்தது. இசைத்தட்டிலோ பாடியவர் பெயர் 'காமினி' என்றிருந்தது. அது படத்தில் வரும் பாத்திரத்தின் பெயர். இந்தக் குரல் யாருடையது என்று நேயர்கள் வானொலி நிலையத்தைத் துளைத்தெடுத்தார்கள். வானொலி இசைத்தட்டு நிறுவனத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு லதாவின் பெயரை அறிவித்தது. அந்தப் பெயரைக் கேட்டு வாங்கியவர்கள் ரசிகர்கள்தாம். பத்து ஆண்டுகளுக்குள் லதாவே ஒரு போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. பின்னணிப் பாடகருக்கென்று விருது இல்லாத ஃபிலிம்ஃபேர் மேடையில் பாட மாட்டேன் என்று அவர் மறுத்த பிறகுதான் 1959-இல் அந்த விருது பிறந்தது.

பாட்டு ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குக் குடிபெயரும்போதெல்லாம் யாரோ ஒருவரின் பெயர் வழியில் உதிர்கிறது, வேறொருவர் பெயர் மேலே வருகிறது. திறமை மட்டுமே புகழைத் தீர்மானித்த காலம் என்று ஒன்று இருந்ததில்லை. பெயரைச் சுமந்து செல்லும் ஏற்பாடு என்னவாக இருந்தது என்பதும் சேர்ந்தே தீர்மானித்திருக்கிறது. தமிழ்த் திரையிசையின் கதை இதற்குத் தக்க சான்று.

தொடக்கத்தில் முகமும் குரலும் ஒருவருடையவை. நாடக மேடையில் பாடி வென்றவர்களே படத்திலும் பாடி நடித்தார்கள். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்காகக் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் பெற்றார். அன்றைய நிலையில் வியக்க வைத்த தொகை. 1944-இன் 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது என்றால், அதற்கு எம்.கே. தியாகராஜ பாகவதரின் சாரீரமே முதற்காரணம். பாடினால்தான் நட்சத்திரம் என்றிருந்த காலத்தில் பாடகரை அடையாளப்படுத்த வேறு ஏற்பாடே தேவைப்படவில்லை.

பின்னணி பாடும் முறை இந்தப் பிணைப்பை அறுத்தது. 1938-இன் 'நந்தகுமார்' படத்தில் டி.பி. ராஜலட்சுமிக்காக லலிதா வெங்கட்ராமன் பாடினார். 1945-இல் 'ஸ்ரீவள்ளி'யில் நடிகை ருக்மிணியின் பாட்டு தயாரிப்பாளர் மெய்யப்பச் செட்டியாருக்கு நிறைவளிக்காததால் பி.ஏ. பெரியநாயகியின் குரல் சேர்க்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கு ஒரு மாதிரியும் சிவாஜிக்கு வேறு மாதிரியும் குரலை அமைத்துப் பாடினார். நடிகரே பாடுவதாகக் கிராமத்துக் கொட்டகைகளில் நம்பியவர்கள் ஏராளம். தன் குரல் இன்னொருவர் குரலாகவே கேட்க வேண்டும் என்பதுதான் அந்தக் கலையின் இலக்கணம். அதில் எவ்வளவு தேர்ச்சி பெற்றாரோ அவ்வளவுக்கு டி.எம்.எஸ். மறைந்து போக வேண்டியிருந்தது.

அவர் மறைந்துபோகாமல் காத்ததில் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு வானொலிக்குப் பெரும்பங்கு உண்டு. 1952-இல் மத்திய அமைச்சர் பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டு ஒதுங்கியது. அந்த இடத்தை இலங்கை வானொலியின் வர்த்தக சேவை பிடித்துக்கொண்டது. 1957-இல் அகில இந்திய வானொலி விவித் பாரதி சேவையைத் தொடங்கிய பிறகும் இலங்கை வானொலியின் செல்வாக்குக் குறையவில்லை. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என்று முழு விவரமும் சொன்னார்கள். தென்மாவட்டத்து டீக்கடையில் நின்று கேட்டவருக்குக்கூட எந்தப் பாட்டு பி.பி. ஸ்ரீனிவாஸ், எந்தப் பாட்டு ஏ.எம். ராஜா என்று தெரிந்திருந்தது என்றால், அது இந்த அறிவிப்பின் கொடை. எந்த அரசு விருதும் தமிழ்ப் பாடகருக்கு இதைவிடப் பெரிய அங்கீகாரத்தைத் தந்ததில்லை. இன்றைய தனியார் பண்பலை நிலையங்களில் இந்த வழக்கம் அருகிவிட்டது. அந்த இழப்பைப் பற்றி யாரும் போதுமான அளவு எழுதவில்லை.

அரசு விருதுகள் தாமதமாகவே வந்தன. தேசியத் திரைப்பட விருதுகளில் இசைக்கென ஒரு பிரிவு ஏற்பட்டது 1967-ஆம் ஆண்டுப் படங்களுக்குத்தான். 'கந்தன் கருணை'க்காகக் கே.வி. மகாதேவன் முதல் விருதைப் பெற்றார். மறு ஆண்டு சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் விருது 'உயர்ந்த மனித'னுக்காகப் பி. சுசீலாவுக்குக் கிடைத்தது. இரண்டுமே தமிழுக்கு வந்த பெருமைகள். ஆனால் டி.எம்.எஸ்ஸுக்கு ஒருமுறைகூடத் தேசியத் திரைப்பட விருது கிடைக்கவில்லை. 2003-இல்தான் பத்மஸ்ரீ வந்தது. 2023-இல், அவர் மறைந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து, சென்னை மந்தைவெளியில் ஒரு சாலை அவர் பெயர் பெற்றது. 2015-இல் மறைந்த இசையமைப்பாளர் எம்.எஸ். விசுவநாதனுக்குப் பத்ம விருது எதுவுமே இல்லை. தென்னகக் கலைஞர்களுக்கு உரிய மதிப்புத் தரப்படவில்லை, விருதும் காலங்கடந்து வருகிறது என்று சொல்லி 2013-இல் எஸ். ஜானகி பத்மபூஷணை மறுத்தார். அதில் இருந்த ஆதங்கம் நியாயமானது. 2023 குடியரசு தினத்தை ஒட்டி வாணி ஜெயராமுக்குப் பத்மபூஷண் அறிவித்தார்கள். பதக்கத்தைக் கையில் வாங்கும் முன் பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் காலமானார்.

பாடகருக்கே இந்த நிலை என்றால், வாசித்தவர்களின் நிலையைப் பற்றி விரிவாகப் பேசியாக வேண்டும். இக்கருத்தரங்கின் நெஞ்சுக்கு நெருக்கமாக இருக்க வேண்டிய பகுதியும் இதுவே.

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு போட்டியிட்டுப் பாடுவதற்கு இசையமைப்பாளர் எஸ்.எம். சுப்பையா நாயுடு முதலில் அணுகியது பி. லீலாவை. அந்த வாத்தியத்துக்கு இணையாகப் போகக்கூடிய குரல் ஜானகியுடையது என்று லீலாவே எடுத்துச் சொன்னார். பாட்டைக் கேட்பவர்களுக்கு லீலாவின் இந்தப் பெருந்தன்மை தெரிய வழியில்லை. திரையில் வாசிப்பவர் ஜெமினி கணேசன், பாடுபவர் சாவித்திரி. ஆனால் அந்தப் பாட்டைப் பொறுத்தவரை காருகுறிச்சியார் பெயர் மறையவில்லை. ஏற்கெனவே கோயில் திருவிழாக்களிலும் கச்சேரி மேடைகளிலும் பெரும்புகழ் பெற்றிருந்தார் அவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) வேறொரு வகை. சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி வாசிப்பதாகத் திரையில் தெரியும் ஒவ்வொரு பிருகாவும் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் ஊதியது. அவர்கள் வாசித்ததைக் கூர்ந்து கவனித்துத்தான் சிவாஜி கன்னத்தையும் விரலையும் கண்ணையும் பழக்கினார். அந்தப் படத்துக்குப் பிறகு சகோதரர்களின் பெயர் உலகத் தமிழர்களிடையே பரவியது. சினிமா ஒரு வாத்தியக் கலைஞருக்குப் பெயர் பெற்றுத் தந்த அரிய நிகழ்ச்சி அது.

நாகசுரத்துக்கு வாய்த்தது வயலினுக்கும் கிடாருக்கும் தபலாவுக்கும் வாய்க்கவில்லை. ரெக்கார்டிங் தியேட்டரில் முழு இசைக்குழுவும் பாடகரும் ஒரே நேரத்தில் ஒரே டேக்கில் பதிவான காலத்தில், கடைசி வரிசையில் ஒருவர் ஒரு ஸ்வரம் பிசகினாலும் எல்லாரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். அத்தனை பொறுப்பைச் சுமந்தவர்களுக்கு அன்றைய கால்ஷீட் சம்பளம் கிடைத்தது. இசைத்தட்டிலும் பாட்டுப் புத்தகத்திலும் டைட்டில் கார்டிலும் பெயர் வராது. அவர்களுக்காகச் சென்னையில் தொழிற்சங்கம் கட்ட முன்னின்றவர் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன்.

தமிழ்த் திரையிசையின் பெரிய இசையமைப்பாளர்கள் ஏறத்தாழ எல்லாரும் இந்த வரிசைகளிலிருந்து எழுந்து வந்தவர்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். சி.ஆர். சுப்பராமனின் குழுவில் விசுவநாதன் ஆர்மோனியமும் ராமமூர்த்தி வயலினும் வாசித்தார்கள். 1952-இல் சுப்பராமன் இளம் வயதில் இறந்தபோது, அவர் விட்டுச்சென்ற பட வேலைகளை முடித்துக் கொடுத்த இருவரும் பின்னாளில் மெல்லிசை மன்னர்கள் ஆனார்கள். இளையராஜா, 1976-இல் 'அன்னக்கிளி' வரும்வரை, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் வாத்தியக் கலைஞராகவும் உழைத்தார். ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே. சேகரை இழந்த ஏ.ஆர். ரகுமான் பிற இசையமைப்பாளர்களுக்குக் கீபோர்டு வாசித்தே வளர்ந்தார். அப்படியிருக்க, வாத்தியக்காரர்களைத் தெரியாமல் இந்த இசையின் வரலாற்றை எழுதிவிட முடியாது.

பெயர் போடும் வழக்கம் மெல்ல வந்தது. இளையராஜாவின் பாட்டுகளில் காலமெல்லாம் பெயரின்றி ஒலித்த வி.எஸ். நரசிம்மனின் வயலின், 1986-இல் வந்த 'ஹௌ டு நேம் இட்' இசைத்தொகுப்பில் பெயரோடு முன்னால் வந்தது. 'ரோஜா'வுக்குப் (1992) பின் வந்த கேசட், சி.டி. உறைகளில் வாத்தியக் கலைஞர்கள், ஒலிப்பதிவாளர்கள் பெயரை அச்சிடுவதை ரகுமான் வழக்கமாக்கினார். 'பம்பாய்' படத்தின் கருவியிசையில் குழல் வாசித்தவர் நவீன்குமார் என்று ரசிகர்களுக்குத் தெரிந்ததற்கு இந்த வழக்கம் ஒரு காரணம். அந்த உறைகளை ஆய்வு நூலகங்கள் குப்பை என்று தள்ளிவிடக் கூடாது. அவை முதல்நிலைச் சான்றுகள்.

ஏனென்றால் பெயர் இன்று சட்டத்தோடும் பணத்தோடும் கட்டுண்டது. 1977-இல் உச்ச நீதிமன்றம் திரைப்படப் பாட்டின் உரிமை தயாரிப்பாளரைச் சாரும் என்று தீர்ப்பளித்தபோது, நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தம் தனிக்குறிப்பில் பாடியவருக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருந்தினார். 1994-இல் நிகழ்த்துநர் உரிமை வந்தது. 2012 திருத்தம் கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் பாடகர்களுக்கும் ராயல்டியில் பங்கு தந்தது. மாநிலங்களவையில் அதற்காக வாதாடியவர்களில் ஜாவேத் அக்தர் முதன்மையானவர். அதே திருத்தத்தில் ஒரு வாசகமும் சேர்ந்தது. படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்குமே பெயர் வராதவராகவும் இருந்தால், அவரை நிகழ்த்துநராகக் கருத வேண்டியதில்லை. தம் நிகழ்த்துதலைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை மட்டுமே அவருக்கு எஞ்சும். வயலின் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர் இந்த வரையறைக்குள் விழுகிறாரா என்பது வழக்கறிஞர்கள் வாதாட வேண்டியது. டைட்டிலில் பெயர் இல்லாதவர் பெயரைக் கேட்கும் உரிமையையும் இழக்க நேரலாம் என்ற நிலை நியாயமற்றது என்பதை மட்டும் இந்த அவை தயங்காமல் சொல்லலாம்.

இணையம் வந்தபின் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இருந்தது. சில கதவுகள் திறந்ததும் உண்மை. அட்டப்பாடியின் இருளர் சமூகத்தைச் சேர்ந்த நஞ்சியம்மா, 'அய்யப்பனும் கோஷியும்' மலையாளப் படத்துக்காகத் தம் மொழியில் தாமே கட்டிப் பாடிய பாட்டு இணையத்தில் பரவிற்று. 2022-இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி அவரே. 1968-ஆம் ஆண்டுக்காகச் சுசீலாவுக்குக் கிடைத்த அதே விருது. முறையாகப் பயிலாதவருக்கு இதைத் தரலாமா என்று கேள்வி எழுந்தது. தேர்வுக்குழு செய்தது சரி. சுதிப் பெட்டியோடு பிறக்காத இசைக்கும் அதற்கேயுரிய நுட்பம் உண்டு. கானா பாடகி இசைவாணி 2020-இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றதும் இதே மாற்றத்தின் பகுதி. எனினும் 'தூள்' (2003) படத்தால் ஊரறிந்த பரவை முனியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் அரசின் உதவி தேவைப்பட்டது என்பதையும் மறந்துவிடக் கூடாது. புகழ் வந்த வேகத்தில் வருமானம் வரவில்லை.

2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' இன்றைய நிலைக்குச் சரியான பாடம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் நினைவுகளிலிருந்து தெருக்குரல் அறிவு எழுதிய பாட்டு. பாடகி தீயும் அவரும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசை. அவ்வாண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் கண்டித்தபின் அறிவுக்குத் தனி மின்-அட்டை வந்தது. 2022-இல் சென்னைச் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரில்லாமல் பாட்டு அரங்கேறியபோது யாருடைய பங்கு எவ்வளவு என்ற விவாதம் மறுபடி மூண்டது. பாட்டைத் தாமே உருவாக்கியதாக அறிவும், இசையில் தம் பங்கு என்ன என்று சந்தோஷ் நாராயணனும் வெளிப்படையாக எழுதினார்கள். 2024-இல் சந்தோஷ் நாராயணன், பாட்டின் வருவாயில் தங்களுக்கு எதுவுமே வந்துசேரவில்லை என்றார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு. பெயர் பற்றியும் பணம் பற்றியும் அதைச் செய்தவர்களே பொதுவெளியில் வாதாட வேண்டியிருந்தது.

பழைய பாட்டுகளுக்கு நேர்ந்திருப்பது இன்னும் கவலை தருகிறது. யூடியூபில் 'எம்.ஜி.ஆர். ஹிட்ஸ்', 'சிவாஜி சோகப் பாடல்கள்', 'இரவு நேர மெலடி' என்றுதான் தொகுப்புகள் குவிகின்றன. செயலிகளில் கவிஞர் பெயரே பல பாட்டுகளுக்குத் தவறாக இருக்கிறது. வாத்தியக் கலைஞர்களுக்குரிய இடம் பெரும்பாலும் காலி. ஒரு பதிவேட்டில் புகுந்த பிழை மற்ற எல்லாவற்றுக்கும் அப்படியே நகலாகிப் பரவுகிறது.

ஆகவே இங்கே கட்டுரை படிக்கவிருப்போரிடம் ஒரு வேண்டுகோள். எந்தப் பாட்டைச் சான்று காட்டினாலும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களோடு, தெரிந்தவரை வாசித்தவர்கள், ஒலிப்பதிவாளர், பதிவான கூடம் ஆகியவற்றையும் அடியில் குறிக்க வேண்டும். மாணவர்கள் இசைத்தட்டு லேபிள்களையும் கேசட் உறைகளையும் பாட்டுப் புத்தகங்களையும் படமெடுத்து ஒரே இடத்தில் சேர்க்கத் தொடங்கலாம். ஒரே டேக்கில் வாசித்த தலைமுறையில் இன்னும் சிலர் சென்னையில் வாழ்கிறார்கள். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போய், ஒவ்வொரு பாட்டாகப் போட்டுக் காட்டி, இந்த இடத்துக் கிடார் யாருடையது, இந்தச் செலோ யாருடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளும் பணிக்கு ஒரு குழுவை இக்கருத்தரங்கு முடிவதற்குள் அமைக்க வேண்டும் என்று இந்தத் தலைமையுரை முன்மொழிகிறது. முதல் அமர்வைத் தொடங்கலாம்.