ஆழ்கடல் சுறாவும் அத்தை வீட்டு மாத்திரையும்



என் அத்தை வீட்டு அலமாரியில் பல காலம் ஒரு புட்டி இருந்தது. உள்ளே பொன்னிற எண்ணெய் மாத்திரைகள். பெயர் ஸ்குவாலின். நேரடி விற்பனைக்காரர் ஒருவர், உடல் சோர்வு பறந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தது. அந்த எண்ணெய்க்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கல்ப்பர் சுறா என்பது அதன் பெயர். பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அதைத் தலைகீழாகக் கடலில் நட்டால் உச்சி எட்டும் இடம் இருக்கிறதே, அங்கேயும் அதற்குக் கீழேயும், கண்டச் சரிவுகளின் இருட்டில் வாழ்கிறது இந்தச் சுறா. பெரிய பச்சைக் கண்கள். முதுகுத் துடுப்பு இரண்டிலும் ஆளுக்கொரு முள்.

மற்ற பல மீன்களுக்கு இருப்பது போல் சுறாவுக்குக் காற்றுப் பை கிடையாது. மூழ்கிப் போகாமல் மிதக்க வைப்பது அதன் பெரிய கல்லீரல்தான். அதில் நிறைந்திருக்கும் ஸ்குவாலின் தண்ணீரைவிட இலேசானது. காற்றைப் போல ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கியும் போகாது. 1906-இல் ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ சுறா எண்ணெயில் இதைக் கண்டறிந்தார். பிறகு அழகுக் களிம்பிலும் மாத்திரையிலும் அது புகுந்தது. சுறாவுக்கு வந்தது வினை!

நம் சந்தையில் வாங்கும் கெம்போங் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கல்ப்பர் சுறாவோ சுமார் இரண்டு ஆண்டு கருவைச் சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியைத்தான் ஈனும். ஒரு தாய் வலையில் சிக்கினால், அந்த இடத்தை நிரப்பப் பல ஆண்டுகள் ஆகும்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் கடலில் 1976-77-இல் ஓர் ஆய்வுக் கப்பல் வலை போட்டது. இருபது ஆண்டு கழித்து அதே இடங்களில் மீண்டும் போட்டார்கள். இவ்வகைச் சுறாக்கள் 98 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்திருந்தன. மாலத்தீவில் 1980-களில் கல்லீரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கிய தொழில், கொஞ்ச காலத்திலேயே படுத்துவிட்டது. 2010-இல் அந்நாடு சுறா பிடிப்பையே தடை செய்தது.

2025-இல் சமர்க்கந்து நகரில் கூடிய சைட்ஸ் மாநாடு, கல்ப்பர் சுறாக்களை இரண்டாம் பட்டியலில் சேர்க்க முடிவு செய்தது. அது முழுத் தடை அல்ல. ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அவ்வளவுதான். ஒலிவ எண்ணெயிலிருந்தும் கரும்பிலிருந்தும் ஸ்குவாலின் தயாரிக்க முடிகிறபோது, இன்னும் கொஞ்சம் கண்டிப்பு காட்டியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

அத்தையின் புட்டியை ஒருநாள் திருப்பிப் பார்த்தேன். சுறாக் கல்லீரல் எண்ணெய் என்று மட்டும் இருந்தது. எந்தச் சுறா, எந்தக் கடல் என்று ஒரு வரியும் இல்லை. "மீன் எண்ணெய்தானேம்மா" என்றார் அத்தை.