அரிசியைத் தள்ளி, கல்லை வைத்து



நம் வாயில் குடியிருக்கும் ஒரு கிருமி, பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் இருக்கிறது. ஆமாம், வாய்க் கிருமிதான். அதன் பெயர் ஃபியூசோபாக்டீரியம். பெயர் மறந்தால் பரவாயில்லை, வாய்க் கிருமி என்றே சொல்வோம்.

2012-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதை வெளியிட்டன. கண்டுபிடிக்க உதவியது கணினி. கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அதிலுள்ள மரபணுத் துண்டுகளைப் படித்தார்கள். கோடிக்கணக்கில் துண்டுகள், பெரும்பாலும் மனிதருடையவை. அவற்றையெல்லாம் கணினி கழித்துத் தள்ளியது. முறத்தில் அரிசியைக் கொட்டிக் கல் பொறுக்குகிறோமே, அந்த வேலைதான். இங்கே அரிசியைத் தள்ளிவிட்டுக் கல்லை வைத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அந்த மிச்சத்தில் அகப்பட்டது வாய்க் கிருமி.

கணினியும் ஏமாறும். பலவகைப் புற்றுநோய்களில் கிருமிகளின் தடயம் உண்டு என்று 2020-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. மனித மரபணுத் துண்டுகளையே கிருமிக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அரிசியையே கல் என்று எண்ணிய கதை!

வாய்க் கிருமி விஷயம் அப்படியல்ல. பல ஆய்வகங்கள் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டன. புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவும்போது அதுவும் கூடவே போகிறது. ஆன்டிபயாடிக் கொடுத்தபோது கட்டியின் வளர்ச்சி குறைந்தது. எலிகளில்தான், கவனியுங்கள், எலிகளில்.

அதனால் மருந்துக்கடையில் நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். மலத்தில் ரத்தம் வந்தால், அது பெருங்குடல் புற்றுநோயாலும் இருக்கலாம்; மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.