தூங்குகிறவர்களை எழுப்புங்கள்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வாழ்க்கையில் ஜெயித்ததைப் பற்றிப் பேசு" என்றார் நம் சங்கச் செயலாளர். அதைப் பேச இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பஞ்சரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீங்க. கடைசியில் சிரிக்க மாட்டீங்க.

எனக்கு ஊர் தென்னேரி. 2012 மே மாதம் எங்கள் குடும்பம் பதினான்கு பேர், என் அண்ணனுடைய வேனில் ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று ஒன்பது நாள் சுற்றினோம். ஸ்டவ், அரிசி மூட்டை, பாத்திரம், பாய், தலையணை எல்லாம் வண்டியிலேயே. வழியில் புளியமரம் பார்த்து நிறுத்திச் சமையல், ராத்திரி வண்டியிலேயே தூக்கம். வெளிநாட்டில் சக்கரம் வைத்த வீட்டிலேயே ஊர் சுற்றுகிறார்கள். கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலா என்று திட்டமே போட்டது. நம்ம ஜனங்க பல வருஷமாக வேனில் செய்கிற யாத்திரைதான் அது.

வண்டி ஓட்டினது நான். திருமங்கலத்தில் டீ குடிக்க நிறுத்தினபோது பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் தானாகவே வந்து பின் டயரில் கை வைத்துப் பார்த்தார். "சார், காத்து கம்மியா இருக்கு. ஓரத்துல வெடிப்பும் விட்டிருக்கு. பாத்துட்டுப் போங்க" என்றார். தொழிலுக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக் கிளம்பிவிட்டேன். காற்றுக் குறைந்த டயர் உருளும்போது அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அதில் சூடு ஏறும். மேலே பாரமும் மே மாத வெயிலும் சேர்ந்தால் அது வெடிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? இந்தக் கல்லூரியில் இயற்பியல் படித்தவன் நான்!

திரும்பி வரும்போது செங்கல்பட்டு, வாலாஜாபாத் எல்லாம் தாண்டியாச்சு. வீட்டுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். ராத்திரி இரண்டு மணிக்குப் பின் டயர் வெடித்தது. பிரேக்கை மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து, வேகத்தைத் தானாகக் குறையவிட்டு ஓரம் கட்டினேன். நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

பிள்ளைகளும் பெரியவர்களும் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். "அவங்கள ஏன் எழுப்பணும்?" என்று விட்டுவிட்டேன். என் மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, "மாமா, நீங்க டார்ச் மட்டும் பிடிங்க, நான் பாத்துக்கறேன்" என்று இறங்கினான். ஓரத்து மண்ணிலேயே ஜாக்கியை வைத்தோம். கீழே ஒரு பலகை கூடப் போடவில்லை. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றுக் குறைவு. "வீடு வரைக்கும் தாங்கும்" என்றேன்.

அவன் ஸ்டெப்னியைத் தூக்கி மாட்டுகிற நேரம், உள்ளே ஒரு குழந்தை ஒன்றுக்குப் போகவேண்டும் என்று அழ, பாட்டி எழுந்து அதைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கினார். வண்டி ஆடியது. ஜாக்கி மண்ணில் சரிந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் என் மச்சானின் இடது கை.

108 ஆம்புலன்ஸ் வந்தது. கையைக் காப்பாற்றினார்கள். இரண்டு விரல் நுனி போயிற்று. அவன் பட்டு நெசவு செய்கிறவன். ஏழு மாதம் தறியில் உட்காரவில்லை. இன்றும் பத்து நாளில் முடிக்கிற சேலைக்குப் பதினைந்து நாள் ஆகிறது. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நண்பர்களே, டயர் வெடித்தால் முதல் வேலை டயர் இல்லை, மனுஷர்கள். தூங்குகிறவர்களை எழுப்புங்கள். எல்லோரையும் சாலைக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி, தார் ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, மற்றச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். நட்டுகளை வண்டியைத் தூக்குமுன்பே சற்றுத் தளர்த்தி, கெட்டியான தரையில் பலகை போட்டு ஜாக்கி வையுங்கள். தரை சரியில்லையா, இருட்டா, ஆள் வரும்வரை காத்திருங்கள். காத்திருப்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தேசிய நெடுஞ்சாலையில் 1033-ஐ அழைக்கலாம். ஆபத்து என்றால் எந்தச் சாலையிலும் 112. காப்பீடு எடுக்கும்போதே சாலையோர உதவி அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். அந்த எண்ணை எழுதி வண்டியிலேயே ஒட்டுங்கள்.

ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருவின் பெயர். ஆரம்ப காலக் கார்களில் மாற்றுச் சக்கரமே கிடையாது. 1904-இல் அந்தத் தெருவில் இரண்டு சகோதரர்கள் அதைச் செய்து விற்றார்கள். அவ்வளவு யோசித்து ஒருத்தர் கண்டுபிடித்ததில் காற்று இருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்கு நேரமில்லை!

நமக்குப் பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த விவரம் அதில் இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஏரியைப் பார்த்துக்கொள்ளவே தனியாக வாரியம் வைத்த மண் இது. எங்கள் தென்னேரி ஏரி இன்றைக்கும் நிறைகிறது என்றால் கரையைப் பார்த்தவர்கள் இருந்ததால்தான். கரை உடைந்த பிறகு பார்ப்பதற்கு வாரியம் எதற்கு?

தம்பி தங்கைகளே, அடுத்த மாதம் நீங்கள் சுற்றுலா கிளம்புவதாகக் கேள்விப்பட்டேன். கிளம்புமுன் ஸ்டெப்னியையும் சேர்த்து எல்லா டயரையும் பாருங்கள். டயர் ஓரத்தில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருஷம். டயரின் வயது அது. வழியில் ஒரு பஞ்சர் கடைக்காரர் ஏதாவது சொன்னால், நின்று கேளுங்கள்.

நான் கேட்கவில்லை.