ஒரு பழைய நட்டின் விலை

(முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் விழாவில் இயந்திரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய போர் விமானங்களைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் முன்வரிசையில் ஒரு சிரிப்பு. "நீ பஸ் பணிமனையில கிரீஸோட கிடந்தவன், உனக்கும் விமானத்துக்கும் என்னய்யா சம்பந்தம்?" அதுதானே? சம்பந்தம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பேர் வாங்கிய அமெரிக்க விமானம் பி-51 மஸ்டாங். 1940-ல் முதலில் பறந்தது. மொத்தம் 15,000-க்கும் மேல் கட்டினார்கள். பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர் மெர்லின் எஞ்சின். போர் முடிந்ததும் ஜெட் வந்துவிட்டது. மஸ்டாங் காயலான் கடைச் சரக்காகிவிட்டது. கிடைத்ததைச் சிலர் வாங்கினார்கள். துரு நீக்கி, தகடு மாற்றி, எஞ்சினைப் பிரித்துக் கோத்து மறுபடி பறக்க வைத்தார்கள். இன்றும் விமானக் கண்காட்சிகளில் அந்த மெர்லின் சத்தத்தைக் கேட்கவே ஜனங்கள் கூடுகிறார்கள்.

சிலருக்கு அதுவும் போதவில்லை, பந்தயம் விட்டார்கள். நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் 1964 முதல் 2023 வரை அந்தப் பந்தயம் நடந்தது. தூண்களை நட்டு, அவற்றைச் சுற்றிப் பனைமர உயரத்தில், மணிக்கு 750 கிலோமீட்டருக்கு மேல் பறப்பார்கள். போர்க்காலத்தில் சுமார் 1,500 குதிரைத்திறன் தந்த எஞ்சினிலிருந்து அதைப் போல் இரண்டு மடங்கைப் பிழிந்தெடுப்பார்கள். இறக்கையை வெட்டிக் குட்டையாக்குவார்கள். காற்றைத் தடுக்கும் எதையும் கழற்றி எறிவார்கள்.

இப்போது ஒரு சின்னப் பாகத்தைப் பார்ப்போம். விமானத்தின் வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் மடிப்புப் பலகை இருக்கிறது. அதன் பின் விளிம்பில் இன்னொரு சின்ன மடல். பெயர் டிரிம் டேப். வேகம் கூடக்கூட மூக்கு மேலே எழப் பார்க்கும். விமானி தன் கைப் பலத்தாலேயே அதை அழுத்திக்கொண்டிருக்க முடியாது. அந்த வேலையை இந்த மடல் பார்த்துக்கொள்ளும்.

1998-ல் ரீனோவில் 'வூடூ' என்ற மஸ்டாங் பந்தய வேகத்தில் பறந்தபோது அந்த மடல் பிய்த்துக்கொண்டு போனது. மூக்கு சட்டென்று மேலே எகிறியது. விமானி பாப் ஹானா நினைவிழந்தார். கண் விழித்தபோது விமானம் 9,000 அடிக்கு மேலே இருந்தது! எப்படியோ பத்திரமாக இறங்கிவிட்டார். பிழைத்தது அதிர்ஷ்டம்.

13 வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 16. அதே ரீனோ. 'கேலப்பிங் கோஸ்ட்' என்ற மஸ்டாங். அதே மடல். இந்தமுறை உடலை அழுத்திய விசை புவியீர்ப்பைப் போல் 17 மடங்கைத் தாண்டியது. அதாவது 60 கிலோ எடையுள்ள ஆள் ஒரு டன்னாக இருக்கையில் அழுந்துவார். ரத்தம் மூளைக்கு ஏறாது. விமானி ஜிம்மி லீவர்டுக்கு ஒன்றும் செய்ய வழியில்லை. விமானம் பார்வையாளர் பகுதியில் விழுந்தது. விமானியோடு சேர்த்து 11 பேர் இறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2012-ல் காரணத்தைச் சொன்னது. அந்த மடலைப் பிடித்திருந்த திருகுகளின் லாக் நட்டுகள் தேய்ந்தவை. ஒருமுறை போட்டு எறிய வேண்டியதைத் திரும்பப் போட்டிருக்கிறார்கள். பிடிப்பு தளர்ந்தது, மடல் படபடத்தது, இணைப்புத் தண்டு முறிந்தது. இன்னொன்றும் சொன்னார்கள்: விமானத்தில் செய்த பெரிய மாற்றங்களுக்குச் சரியான பதிவேடு இல்லை, ஓட்டிப் பார்த்த சோதனையும் இல்லை. எஞ்சினுக்கு எத்தனை உழைப்பு! நட்டுக்கு யாரும் நேரம் ஒதுக்கவில்லை.

இனி என் சம்பந்தம். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருஷம். ஒரு பஸ்ஸின் புரொப்பல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றி மாட்டினோம். ஸ்டோரில் புது நைலாக் நட் இல்லை. வண்டி விடியற்காலை நாலரைக்குப் புறப்பட வேண்டும். மூத்த மெக்கானிக் அண்ணன் பழைய நட்டை விரலால் சுழற்றிக் காட்டினார். "சார், கையிலயே சுத்துது. வேணாம் சார்." நைலாக் நட் கையால் சுற்றினால் அதன் உயிர் போய்விட்டது என்று அர்த்தம். இதே கல்லூரிப் பட்டறையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்தான். இருந்தும் நான், "ஒரு நாள்தானே, நாளைக்கு மாத்திக்கலாம், போடுங்கண்ணே" என்றேன்.

மூன்றாவது நாள் ஷாஃப்ட் நடுரோட்டில் கழன்று விழுந்தது. வண்டி மெதுவாகப் போன இடம்; யாருக்கும் அடியில்லை. அன்றைக்கு அந்த அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ரீனோ அறிக்கையைப் படித்தபோது எனக்கு விமானம் தெரியவில்லை. அந்த நட்டுதான் தெரிந்தது. பாப் ஹானாவைப் போல நானும் அதிர்ஷ்டத்தால் தப்பியவன். அதிர்ஷ்டத்தைத் திறமை என்று நினைத்துக்கொண்டு வாழ்ந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை இந்த மேடையில் சொல்கிறேன்.

பழைய பொருளைத் தொடாதீர்கள் என்று சொல்ல வரவில்லை, தம்பிகளே, தங்கைகளே. 1998-ல் தப்பிய அதே வூடூவைச் சீர்செய்து பந்தயத்தில் வைத்திருந்தார்கள். 2017-ல் அது மூன்று கிலோமீட்டர் தூரத்தில் மணிக்கு 531 மைல் சராசரி வேகம் காட்டியது. பழையதைக் காப்பாற்றுவது பெருமை. ஆனால் எதைப் பழையதாக வைக்கலாம், எதைப் புதிதாகப் போட்டே தீர வேண்டும் என்ற பகுத்தறிவுதான் நம் படிப்பு.

நாளைக்கு உங்களிடமும் ஒரு மெக்கானிக், "கையிலயே சுத்துது சார்" என்பார். அன்றைக்கு வண்டி தாமதமாகட்டும். மெமோ வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள்.