இனிப்பதற்கு முன்



நீரிழிவை நாம் லாபிசில் ‘இனிப்புநீர்’ என்கிறோம். மலாய்மொழியின் ‘கென்ச்சிங் மானிஸ்’ என்பதற்கும் அதுவே பொருள். ஆனால் இரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 10 மில்லிமோலைக் கடந்த பின்னரே சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதற்கு முந்தைய ஆபத்துக் கட்டத்தை இச்சொல் மறைத்துவிடுகிறது. ‘எனக்கு இனிப்புநீர் இல்லையே’ என்று பரிசோதனையைத் தள்ளிப்போட்டோரை நான் அறிவேன்.

அக்கட்டத்திலேயே இன்சுலின் என்னும் இயக்குநீரை (ஹார்மோனின் கிரேக்க வேருக்கும் இயக்குதலே பொருள்) ஊசிவழிச் செலுத்தினால் என்ன? 2012இல் முடிவு வெளியான ‘ஒரிஜின்’ ஆய்வில், அவ்வாறு பெற்றோரிடையே நீரிழிவாக முற்றுவது சற்றே குறைந்தது. ஆயினும் சர்க்கரைத் தாழ்வும் உடல் எடையும் கூடின. சென்னை மருத்துவர் இராமச்சந்திரன் குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்விலோ, உணவு மாற்றமும் உடலுழைப்புமே ஆபத்தை 28.5 விழுக்காடு குறைத்தன, ஊசி தேவைப்படவில்லை.

‘முன்நீரிழிவு’ என்னும் சொல்லை வகுப்பறையில் வழங்குமாறு வேண்டுகிறேன்.