அப்பாவின் ஈய எழுத்துக்கள்



எழுதுகிறவர்கள் தங்களுக்கு எழுத்து எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். இத்தொடரை நடத்துகிறவர்கள் எனக்கு இட்ட பணி இதுதான். சிலர் தமிழாசிரியரைச் சொல்வார்கள். சிலர் பாட்டி சொன்ன கதைகளைச் சொல்வார்கள். எனக்கு எழுத்து தலைகீழாக வந்தது. கொண்டுவந்தவர் என் தகப்பனார்.

அப்பா யாழ்ப்பாண நகரத்து அச்சகம் ஒன்றில் அச்சுக்கோப்பவர். கொம்பொசிற்றர் என்றுதான் எங்கள் ஒழுங்கையில் சொல்வார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மேலே படித்தவரல்லர். காலையிற் பூசை கண்டுவிட்டு, பழைய றலி சைக்கிளில் ஏறிப் போனாரென்றால் பொழுதுபட்ட பிறகுதான் வீடு திரும்புவார். தேர்தற் காலத்திலும் நத்தாருக்கு முன்பும் அதுவுமில்லை. நாங்கள் படுத்தபிறகு படலை திறக்கும் சத்தம் கேட்கும். அம்மா எழும்பிச் சோறு போடுவா. சாப்பிடுமுன் அவர் கைகழுவும் சத்தம் நெடுநேரம் கேட்கும். ஈயம் வயிற்றுக்குள் போகக்கூடாது என்பதில் அவருக்குப் பெரிய பயம். சவர்க்காரம், பிறகு மணல், சனிக்கிழமைகளில் பாதித் தேசிக்காய். எல்லாம் போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் ஒரு கறுப்பு எஞ்சி நிற்கும். பிற்காலத்தில் நன்மையைக் கையில் வாங்கலாம் என்று வந்தபோது, மற்றவர்கள் கைநீட்டினார்கள்; அப்பா சாகும்வரை நாவிலேதான் வாங்கினார். “இந்தக் கையிலையோ?” என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டதை நான் கேட்டிருக்கிறேன்.

பள்ளி விடுமுறையில் மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கோ உயிர்மெய்யோடு சேர்த்து 247. எனவே தமிழ் கோப்பவரைச் சுற்றிப் பெட்டித் தட்டுகள் அடுக்கடுக்காக நிற்கும். அன்றைக்கு லை, னை எல்லாம் தும்பிக்கை தூக்கிய யானைபோல இருக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு சீர்திருத்தம் செய்து அந்த யானைகளை அப்புறப்படுத்தியது. இங்கே அவை இன்னும் சிறிது காலம் உலாவின. எனக்கு அவற்றைப் பிடிக்கும். அப்பாவின் கை பெட்டிகளைப் பாராமலே போய் எழுத்தை எடுத்துவரும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும். கோழி தானியம் பொறுக்குவதுபோல என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எந்தச் சமயத்து வேலை என்று அச்சகம் பார்ப்பதில்லை. சைவக் கோயில் திருவிழா விளம்பரம், அந்தியேட்டிக் கல்வெட்டு, கலியாண வாழ்த்துப்பா எல்லாம் அப்பாவின் விரலால் நடந்தவைதான். எங்கள் ஊரிலே கவிதை செத்தவீட்டில்தானே அதிகம் விளைந்தது! கல்வெட்டுப் பாடல்களைக் கோத்துக் கோத்தே அப்பாவுக்கு யாப்பு பிடிபட்டிருந்தது. வெண்பா எழுதிக்கொண்டு வந்த ஒரு புலவரிடம், “ஐயா, இந்த இடத்திலை கொஞ்சம் இடிக்குது, ஒருக்காப் பாருங்கோ” என்று அவர் பணிவாகச் சொன்னதும், புலவர் முதலிற் சினந்து, பிறகு விரல் மடக்கி எண்ணிப் பார்த்து, ஒன்றும் பேசாமற் திருத்திக் கொடுத்ததும் எனக்கு நல்ல ஞாபகம்.

எங்கள் சிறுவயதிற் பூசை இலத்தீன் மொழியில் நடக்கும். சனங்கள் செபமாலை சொல்லிக்கொண்டு இருப்பார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூடி, 1963 டிசம்பரில் வழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டபின் தாய்மொழிகளுக்குக் கதவு திறந்தது. சங்கம் 1965இல் முடிந்தது. உலகமெங்கும் குருமார் மகிழ்ந்தார்களோ என்னவோ, அச்சுக்கோப்பவர்களுக்கு நித்திரை போயிற்று. சனங்கள் சொல்லவேண்டிய மறுமொழிகளெல்லாம் தமிழில் தாளாக வரவேண்டுமல்லவா?

1966ஆம் ஆண்டுத் தபசுகாலம். எனக்கு வயது 9. எங்கள் கோயிலுக்கென 600 தாள் அடிக்கும் வேலை வந்தது. அந்த வாரம் அச்சகத்தில் ஆள் போதாது. அச்சடித்து முடிந்த எழுத்துக்களைப் பிரித்துத் திரும்ப அவற்றின் பெட்டிகளிற் போடுவதற்கு அப்பா என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டார். பெருமையாக நின்று பிரித்தேன். பின்னேரம் வெளியிலே பொடியன்கள் பட்டம் ஏற்றும் சத்தம் கேட்டது. கடைசியாக இருந்த ஒரு பிடி எழுத்தைச் சரிவரப் பாராமற் போட்டுவிட்டு ஓடிவிட்டேன்.

ஞாயிறு வந்தது. புதுத்தாள் மை மணத்தோடு எல்லோர் கையிலும் இருந்தது. ஆண்கள் பக்கத்தில் அப்பாவுக்கு அருகே நான். அவர் கோத்த சொற்களைக் கோயில் முழுவதும் ஒரே குரலிற் சொல்லிற்று. அப்பா தாளைப் பாராமலே, சனங்களுக்கு அரைச்சொல் முன்னே போய்க்கொண்டிருந்தார். அப்படி அவர் முகம் மலர்ந்திருந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. நடுவில் ஒரு தடவை தாளைக் குனிந்து பார்த்தார். விரல் ஒரு வரியில் நின்றது. அதற்குப் பிறகு அவர் வாய் அசையவில்லை.

‘இரக்கம்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘இறக்கம்’ என்று விழுந்திருந்தது.

யாருக்கும் தெரியவில்லை. பேச்சிலே ரகரமும் றகரமும் பலருடைய நாக்கில் ஒன்றாகத்தானே உருள்கின்றன! பொருளற்ற பிழையென்றால் புரூவ் பார்க்கும்போதே கண்ணிற் குத்தியிருக்கும். அப்படிச் சிலவற்றை அவர் முதலே திருத்தியும் இருந்தார். இதுவோ தானும் ஒரு சொல்லாக நின்றதால் கண்ணை ஏமாற்றிவிட்டது. பூசை முடிய அப்பா போய்ச் சுவாமியாரிடம் சொன்னார். அவர் சிரித்தார். “ஆண்டவர் இறங்கி வந்தவர்தானே, அதுவும் பொருந்தும், விடுங்கோ” என்றார். அப்பா சிரிக்கவில்லை. தாள்களையெல்லாம் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிரவு விளக்கைச் சுற்றி அப்பா, அம்மா, அக்கா, நான் இருந்து பிளேட்டாற் சுரண்டி, பேனையால் ரகரம் எழுதினோம். மெல்லிய தாள். சில இடத்திற் கிழிந்தும் போயிற்று. அக்கா தூங்கி விழுந்தா. அப்பா எழுதிய ரகரம்மட்டும் அச்செழுத்துப்போலவே இருந்தது.

அத்தோடு முடியவில்லை. அடுத்தநாள் நான் சாப்பாட்டோடு போனபோது முதலாளி அப்பாவின் மேசையருகே நின்றார். செய்தி அவர் காதுக்குப் போயிருந்தது.

“அந்தக் கேஸுக்கு எழுத்துப் பிரிச்சது ஆர்?”

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

“நான்தான் ஐயா பிரிச்சனான்.”

கிழிந்து வீணான தாள்களின் விலை அந்த மாதச் சம்பளத்தில் வெட்டப்பட்டது. உயிர்த்த ஞாயிறுக்கு எனக்கென்று பேசிவைத்த புதுக் காற்சட்டை வரவில்லை. அம்மா காரணம் கேட்டதாகவும் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை அப்பா என்னைத் திரும்பவும் அச்சகத்துக்குக் கூட்டிப்போனார். இனி உள்ளே விடமாட்டார் என்றே நினைத்திருந்தேன். ரகரப் பெட்டியை இழுத்து ஒரு தாளிலே கொட்டி, என் முன்னே வைத்தார்.

“இதுக்குள்ளை எத்தினை றகரம் கிடக்கு, பொறுக்கு பாப்பம்.”

ஈயத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்துப் பொறுக்கினேன். ஒன்பது இருந்தன.

“ஒன்பது” என்றேன்.

“நான் எட்டெண்டு நினைச்சன்” என்றார். அவ்வளவுதான். பிறகு தன் வேலையைப் பார்த்தார். மத்தியானம் எனக்கு ஒரு சர்பத் வாங்கித் தந்தார்.

அன்று பின்னேரம் இருவரும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனோம். அப்பா முன்னே, நான் பின்னே. பொய் பேசி அறியாத மனிதர். முதலாளிக்குச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்லுகிறார் என்று எனக்கு விளங்கிற்று. வழமையைவிட நேரம் எடுத்தது. அவர் எழும்பி வர, நான் போய் முழந்தாளிட்டேன். பக்கத்து வளவில் மாங்காய் பறித்ததைச் சொன்னேன். அக்காவுக்கு அடித்ததைச் சொன்னேன். எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அப்பாவின் கண் ஐம்பது வயதிலேயே மங்கத் தொடங்கியது. கணினி வந்து, ஈய எழுத்துக்கள் நிறுத்து விற்கப்பட்ட காலத்தில் அவர் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். என் முதற் சிறுகதை அச்சில் வந்தபோது பத்திரிகையை மூக்கோடு ஒட்டிப் பிடித்து வாசித்தார். கதை நல்லது, கெட்டது என்று ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு எழுத்துப்பிழையைக் காட்டினார். 1993இல் காலமானார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்விலே வீட்டில் இருந்த தாள்கள் எல்லாம் போயின.

அவரிடமாவது சொல்லியிருக்கலாம். எத்தனையோ தடவை வாய்வரை வந்தது. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், பிறகென்ன என்று விட்டுவிட்டேன். அந்தக் கேஸுக்கு எழுத்துப் பிரித்தவன் நான்தான் என்று வாய்திறந்து சொல்வது இன்றைக்குத்தான், அதுவும் வானொலியில்.