பட்டாளத்துப் பூட்சும் பொருள்வரைதலும்

(சங்கரன்கோவில் விழாப் பேரவையில் ஆற்றிய உரை)



பழைய பட்டாளத்துத் தோல் பூட்சுகளைத் தேடி வாங்கிச் சேர்ப்பதும், மெருகேற்றி அணிவதும் இளைஞர் சிலரிடம் விருப்பமாக வளர்ந்துள்ளது. “மாடு இறந்து பல்லாண்டு ஆயிற்று; நான் அணிவதால் எவ்வுயிர்க்குத் தீங்கு?” என்று அவர்கள் வினவுகின்றனர். நேர்மையான வினா இது. அதட்டி அடக்காமல் ஆராய்ந்து விடை கூறுவதே முறை.

முதலில் அப்பொருளின் வரலாற்றை அறிவோம். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில், பிரிட்டிஷ் வீரர்களின் பூட்சு மேல்தோலுக்காகச் சென்னை மாகாணத்தில் பதனிட்ட மாட்டுத்தோல் பெருமளவில் கப்பலேறிற்று. அதைப் பதப்படுத்தியது, நம் பக்கத்துத் தரிசுகளிலும் மஞ்சளாய்ப் பூக்கும் ஆவாரையின் பட்டை. பின்னர் கடுக்காய்ச் சாறு. அடித்தோலில் இரும்பாணிகள், குதிகாலில் லாடம். கான்பூர் ஆலைகள் இந்தியப் படைக்குப் பூட்சு தைத்தன. குரோமிய முறையில் தோல் பதனிட்ட ஆலையால்தான் சென்னையின் குரோம்பேட்டை பெயர் பெற்றது. ஆகவே அந்தப் பூட்சில் ஓர் உயிரின் இழப்பும், தொழிலாளர் பலரின் உழைப்பும், போர்வீரனின் நடையும் ஒருங்கே உள்ளன. அதை இழிவாகப் பேசுதல் தகாது. விளையாட்டுப் பொருளாகக் கருதுதலும் தகாது.

இனி அறநோக்கு. தீவினை செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையால் வரும் என்பர் நம் பெரியோர். பழம்பூட்சு அணிபவன் கொல்லவில்லை, கொல்விக்கவும் இல்லை. இந்த அளவில் இளைஞரின் வாதம் சரியே. ஆனால் பழம்பொருளுக்கு விலை ஏறினால், புதுத்தோலில் அதே வடிவில் தைத்துப் “பழையது” என விற்போர் தோன்றுவர். ஏமாந்து வாங்குபவனின் பணம் புதிய தோலுக்கே போய்ச் சேரும். மெச்சிப் பேசும் சொல்லும் உடன்பாடாகிவிடும்.

அடுத்தது பொருள்வரைதல். கால்கள் இரண்டே. பத்து இணை, இருபது இணை என்று அடுக்குவது எந்தத் தேவைக்காக? சேர்த்தவன் அவற்றுக்கே காவலாளாகிறான்: மழைக்காலத்தில் பூசணம் துடைக்க வேண்டும், நிழலில் உலர்த்த வேண்டும், எண்ணெய் பூச வேண்டும், இற்ற தையலைச் செப்பனிட வேண்டும்.

கோவில்பட்டிச் சாலையில் சிறிது தொலைவு சென்றால் கழுகுமலை. அப்பாறையில் செதுக்கப்பட்ட தீர்த்தங்கரர் திருவுருவங்களின் பாதங்களில் ஏதும் இல்லை. அது துறவியர் நெறி. வெயிலில் உழைக்கும் இல்லறத்தார்க்கு அதை விதிக்க நான் வரவில்லை.

நான் கூறுவது இதுவே. பாட்டனார் பட்டாளத்திலிருந்து கொணர்ந்த இணை வீட்டில் இருந்தால் எறியாதீர். அவர் நினைவாகப் போற்றுங்கள். இருப்பதைச் செப்பனிட்டு அணியுங்கள். புதிதாக ஒன்றைத் தேடுமுன், “இது எனக்குத் தேவையா? இதன் விலை யாரிடம் சேர்கிறது? என் பாராட்டு எதை வளர்க்கிறது?” என்று வினவுங்கள். மூன்றுக்கும் கூசாமல் விடை கூற முடியாதபோது கையை மடக்கிக்கொள்ளுங்கள். அவ்வடக்கமே இல்லறத்தானின் நோன்பு.